நிறைவின் அளவு

உரைநடை உலகம்

நுழையும்முன்

மனிதன் விரும்புகிறான், விரும்பியதைப் பெறுகிறான், பெற்றவுடன் அடுத்ததை விரும்புகிறான். இந்த ஓட்டம்தான் நாகரிகத்தை வளர்த்தது என்பர் சிலர். இதுவே மனிதனின் அமைதியைக் கெடுத்தது என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. எந்த இடத்தில் முயற்சி தேவை, எந்த இடத்தில் 'போதும்' என்னும் சொல் தேவை என்பதைப் பகுத்தறிவதே வாழ்வியல் அறிவு. அப்பகுத்தறிவை இப்பாடம் ஆராய்கிறது.

விளிம்புள்ள கலம்

நெற்களத்தில் மரக்கால் கொண்டு நெல் அளக்கும் காட்சியை நம் ஊர்ப் பெரியவர்கள் நன்கறிவர். முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவது வழக்கம். மரக்காலில் நெல்லைக் கொட்டும்போது அது விளிம்பைக் கடந்து குவியும். அளப்பவர் தம் கையால் அக்குவியலை வழித்துவிடுவார். அதைத் 'தலைதட்டி அளத்தல்' என்பர். விளிம்போடு விளிம்பாக நிற்கும் நெல்லே சரியான அளவு.

இவ்வழக்கத்தில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உள்ளது. மரக்கால் நிறைவதற்குக் காரணம் அதற்கு ஒரு விளிம்பு இருப்பதே. விளிம்பில்லாத கலத்தில் எவ்வளவு நெல்லைக் கொட்டினாலும் அது சிதறுமேயன்றி நிறையாது. மனமும் அத்தகையதே. தனக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வரையறுத்துக்கொண்ட மனம் நிறைகிறது. வரையறை செய்யாத மனத்தில் உலகையே கொண்டுவந்து கொட்டினாலும் வெற்றிடமே எஞ்சும். ஆகவே, 'நிறைவு' என்பது பொருளின் மிகுதியைக் குறிக்கும் சொல் அன்று. அளவை அறிந்த நிலையைக் குறிக்கும் சொல்.

பழகிப்போகும் மகிழ்ச்சி

விரும்பிய பொருள் கைக்கு வந்ததும் மகிழ்ச்சி பிறக்கிறது. சில நாள்களில் அது குறைகிறது. புதிய மிதிவண்டி வாங்கிய முதல் வாரத்தில் அதை நாள்தோறும் துடைப்பவர், மூன்றாம் மாதத்தில் அதன்மீது படிந்த தூசியைக் கவனிப்பதில்லை. மிதிவண்டி மாறவில்லை; கண் பழகிவிட்டது. இவ்வாறு மனம் எதற்கும் பழகிப்போகும் இயல்பை உளவியலார் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

பிலிப் பிரிக்மன் என்னும் அமெரிக்க உளவியலாரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் 1978ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். இலினாய் மாநிலப் பரிசுச்சீட்டில் பெருந்தொகை வென்ற 22 பேரையும், அதே பகுதியில் வாழ்ந்த, பரிசு பெறாத 22 பேரையும் அவர்கள் ஒப்பிட்டனர். பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவுக்கு மகிழ்ச்சியாக இல்லை என்பது தெரியவந்தது. அதைவிட வியப்பான செய்தி மற்றொன்று. நண்பருடன் உரையாடுதல், காலை உணவு உண்ணுதல், நகைச்சுவை கேட்டல் போன்ற எளிய செயல்களில் அவர்கள் அடைந்த இன்பம், மற்றவர்கள் அடைந்ததைவிடக் குறைவாக இருந்தது. ஆய்வுக்கு உட்பட்டோர் எண்ணிக்கை சிறிதே என்பதால், இதனை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் கூடாது. எனினும், பெரிய வரவு சிறிய இன்பங்களின் சுவையைக் குறைத்துவிடக்கூடும் என்னும் எச்சரிக்கையை அது நமக்குத் தருகிறது.

ஒப்பீடு என்னும் நிழல்

பழகிப்போதல் ஒரு காரணம் என்றால், பிறரோடு ஒப்பிடுதல் மற்றொரு காரணம். 1992ஆம் ஆண்டு பார்சிலோனா நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. அப்போட்டிகளில் பதக்கம் வென்றவர்களின் முகபாவனையைப் பதிவுசெய்த காட்சிகளை விக்டோரியா மெட்வெக், ஸ்காட் மேடி, தாமஸ் கிலோவிச் ஆகிய மூவரும் ஆராய்ந்து, 1995ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். வெள்ளிப் பதக்கம் பெற்றவர்களைவிட வெண்கலப் பதக்கம் பெற்றவர்களே மிகுந்த மகிழ்ச்சியுடன் காணப்பட்டனர்.

இரண்டாம் இடம் மூன்றாம் இடத்தைவிட உயர்ந்தது. அவ்வாறிருக்க, இம்முரண் எதனால் விளைந்தது? வெள்ளி வென்றவர் நழுவிப்போன தங்கத்தை நினைத்தார். வெண்கலம் வென்றவரோ, பதக்கமே இல்லாமல் திரும்பியிருக்கக் கூடிய நிலையை நினைத்தார். கையில் இருந்த பதக்கம் அன்று, அதனை எதனோடு ஒப்பிட்டனர் என்பதே அவர்களின் மகிழ்ச்சியை முடிவுசெய்தது.

இன்றைய இளைஞர் உலகில் இவ்வொப்பீடு ஓயாது நடைபெறுகிறது. முற்காலத்தில் ஒருவர் தம் தெருவில் உள்ளவர்களோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டார். இன்று கையளவு திரையில் உலகமே தெருவாகிவிட்டது. அத்திரையில் காண்பவை பிறருடைய வாழ்வின் தேர்ந்தெடுத்த நொடிகள். திருவிழா நாளின் படம் தெரிகிறது. அதற்கு மறுநாளின் களைப்பு தெரிவதில்லை. பிறருடைய திருவிழாவையும் நம்முடைய வேலைநாளையும் ஒப்பிட்டு வருந்துவது அறிவுடைமை ஆகாது.

இங்கே இருத்தல்

நிறைவின்மைக்கு மூன்றாவது காரணமும் உண்டு. உடல் ஓரிடத்தில் இருக்க, மனம் வேறிடத்தில் இருப்பதே அது. மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் ஆகியோர் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் 2,250 பேர் பங்கேற்றனர். நாளின் வெவ்வேறு வேளைகளில் கைப்பேசிவழி அவர்களிடம் வினாக்கள் கேட்கப்பட்டன: இப்போது என்ன செய்கிறீர்கள்? மனம் அச்செயலில் உள்ளதா? எவ்வளவு மகிழ்ச்சியாக உள்ளீர்கள்? ஏறத்தாழ 47 விழுக்காட்டு வேளைகளில் மக்களின் மனம் செய்யும் செயலில் இல்லை. மனம் அலைந்த வேளைகளில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. இனிய எண்ணங்களில் அலைந்தபோதுகூட, செயலில் ஒன்றியிருந்தபோது கிடைத்ததைவிட மிகுந்த மகிழ்ச்சி கிடைக்கவில்லை.

உணவு உண்ணும்போது தேர்வை நினைத்து, தேர்வு எழுதும்போது விடுமுறையை நினைத்து, விடுமுறையில் அடுத்த வகுப்பை நினைத்து அஞ்சுபவர், உணவையும் தேர்வையும் விடுமுறையையும் ஒருசேர இழக்கிறார். வருங்காலத்திற்காகத் திட்டமிடுதல் வேண்டும். ஆனால், திட்டமிடுதலும் ஒரு செயலே. அதற்குரிய வேளையில் அதனைச் செய்துமுடித்து, மற்ற வேளைகளில் நிகழ்காலத்தில் நிலைகொள்ளுதல் வேண்டும். 'நாளை மகிழ்வேன்' என்று தள்ளிவைப்பவருக்கு அந்த நாளையும் ஒருநாள் இன்றாகவே வந்துசேரும். அன்றும் அவர் மகிழ்ச்சியைத் தள்ளியே வைப்பார்.

அரசனும் வேட்டுவனும்

இச்சிந்தனை தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்றின் 189ஆம் பாடலை இயற்றியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். அப்பாடலில் அவர் இருவரை அருகருகே நிறுத்துகிறார். ஒருவர், கடல் சூழ்ந்த நிலமுழுவதையும் தம் வெண்கொற்றக் குடையின்கீழ் ஆளும் பேரரசர். மற்றொருவர், இரவும் பகலும் உறங்காமல் விலங்கைத் தேடித் திரியும் கல்வியறிவற்ற வேட்டுவர். இருவர் வயிற்றுக்கும் வேண்டியது ஒரு நாழித் தானியமே. இருவர் உடலுக்கும் வேண்டியவை மேலாடையும் கீழாடையுமே. பிற தேவைகளிலும் இருவரும் ஒத்தவரே என்கிறார் புலவர்.

புலவர் இங்கே நின்றுவிடவில்லை என்பதே அப்பாடலின் சிறப்பு. 'தேவை குறைவு, ஆகவே குறைவாக ஈட்டுக' என்று அவர் முடிக்கவில்லை. செல்வம் சேர்ந்தால் அதன் பயன் பிறர்க்கு வழங்குதலே என்கிறார். தாமே நுகர்வோம் என்று எண்ணுவோர் பலவற்றை இழப்பர் என்றும் எச்சரிக்கிறார். தன் தேவையின் அளவை அறிந்தவர்க்கே, தன்னிடம் எஞ்சியிருப்பது எவ்வளவு என்பது தெரியும். எஞ்சியிருப்பது தெரிந்தால்தான் கொடுக்கும் கை நீளும். எனவே, மனநிறைவு என்பது தனியொருவரின் அமைதியோடு முடிந்துவிடும் பண்பு அன்று. அது ஈகைக்குத் திறக்கும் வாயில்.

தெரிந்து தெளிவோம்

திருக்குறள் அறத்துப்பாலில் இல்லறவியலில் 'வெஃகாமை' என்னும் அதிகாரமும், துறவறவியலின் நிறைவில் 'அவாவறுத்தல்' என்னும் அதிகாரமும் அமைந்துள்ளன. பிறர் பொருளைக் கவர விரும்பாமை முதலாவது. அடங்காத ஆசையை வேரறுத்தல் இரண்டாவது. அதே நூலின் பொருட்பாலில் 'ஊக்கமுடைமை', 'ஆள்வினையுடைமை', 'பொருள்செயல்வகை' ஆகிய அதிகாரங்களும், வறுமையின் கொடுமையை உரைக்கும் 'நல்குரவு' என்னும் அதிகாரமும் உள்ளன. ஆசையை அடக்கச் சொன்ன வள்ளுவர், முயற்சியைக் கைவிடச் சொல்லவில்லை. வறுமையைப் புகழவும் இல்லை.

குமரப்பா கண்ட பொருளியல்

நிறைவைத் தனிமனிதப் பண்பாக மட்டும் கருதாமல் ஒரு நாட்டின் பொருளியலாகவே வகுத்துக்காட்டிய தமிழர் ஜே.சி. குமரப்பா. அவர் 1892ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்தார். இலண்டனில் கணக்காயர் கல்வி பெற்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயின்றார். இந்திய மக்களின் வறுமைக்குக் காரணம் என்ன என்னும் வினா, அங்கே அவருடைய ஆய்வுப் பொருளாயிற்று. அயலாட்சியின் வரிமுறையும் செலவுமுறையும் இந்தியரை எவ்வாறு வறியவராக்கின என்பதைக் கணக்காயருக்குரிய நுட்பத்துடன் அவர் எழுதினார்.

1929ஆம் ஆண்டு காந்தியடிகளைச் சந்தித்த பின் அவருடைய வாழ்க்கை திசைமாறியது. மேனாட்டு உடையை நீக்கிக் கதராடை அணிந்தார். வருவாய் மிகுந்த தொழிலைத் துறந்து, குஜராத்தின் மாத்தர் வட்டத்துச் சிற்றூர்களுக்குச் சென்று மக்களின் பொருளியல் நிலையைக் கணக்கெடுத்தார். 1934ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அனைத்திந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தின் செயலாளராகப் பொறுப்பேற்று, வார்தாவிலிருந்து பணியாற்றினார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றபோது, ஜபல்பூர்ச் சிறையில் 'நிலைத்த பொருளாதாரம்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலை எழுதினார்.

அந்நூலில் அவர் இயற்கையிலிருந்தே பொருளியலைக் கற்கிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி, பிற உயிரை அழித்து வாழ்கிறது. மாந்தோப்பில் புகும் குரங்கு, தான் நட்டு வளர்க்காத மரத்தின் கனியைக் கவர்கிறது. பூவிலிருந்து தேனை எடுக்கும் தேனீ, அப்பூவின் மகரந்தச் சேர்க்கைக்கும் உதவி, பெற்றதற்கு ஈடு செய்கிறது. அத்தேனீயே தனக்காக மட்டுமன்றிக் கூட்டின் நலனுக்காகவும் உழைக்கிறது. குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை எந்தக் கைம்மாறும் கருதுவதில்லை. அழித்தல், கவர்தல், ஈடுசெய்தல், கூடிவாழ்தல், தொண்டுசெய்தல் என்னும் இவ்வைந்து படிகளில் மனிதன் எந்தப் படியில் நிற்கிறான் என்பதே குமரப்பா எழுப்பும் வினா.

'வாழ்க்கைத்தரம்' என்னும் சொல்லையும் அவர் தணிக்கை செய்தார். பொருள்கள் மிகுந்த வாழ்வை 'உயர்ந்த தரம்' என்றும், பொருள்கள் குறைந்த வாழ்வைத் 'தாழ்ந்த தரம்' என்றும் கூறுவது பிழை என்றார். முன்னதைச் 'சிக்கலான வாழ்வு' என்றும் பின்னதை 'எளிய வாழ்வு' என்றும் கூறுவதே பொருந்தும் என்பது அவர் கருத்து. எளிமை தாழ்வு அன்று. எளிய வாழ்விலும் பண்பின் உயர்வு இருக்க முடியும். நிலக்கரியும் எண்ணெயும் போன்று எடுக்க எடுக்கக் குறையும் வளங்களைச் சார்ந்த பொருளியல், நாடுகளுக்கிடையே போட்டியையும் போரையும் வளர்க்கும் எனவும் அவர் எச்சரித்தார். ஷூமாக்கர் என்னும் பொருளியலறிஞர் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டுள்ளார்.

போதும் என்று சொல்லவேண்டியவர் யார்?

இவ்விடத்தில் ஒரு வினா எழுவது இயல்பு. 'இருப்பதைக் கொண்டு மனநிறைவு அடைக' என்று பசித்தவரிடம் கூறலாமா? உழைப்புக்கேற்ற கூலி பெறாதவரிடம் கூறலாமா? பள்ளிக்கு அனுப்பப்படாத சிறுமியிடம் கூறலாமா? கூறுதல் கூடாது. அது அறவுரை அன்று. அநீதிக்குப் போர்த்தப்படும் போர்வை.

'போதாது' என்னும் சொல் இரு வேறு வாய்களிலிருந்து பிறக்கிறது. ஒன்று, வயிறு நிறையாதவரின் வாய். மற்றொன்று, மனம் நிறையாதவரின் வாய். முன்னது தேவையின் குரல். அதற்கு விடை உணவும் கூலியும் கல்வியும் உரிமையுமே. பின்னது அவாவின் குரல். அதற்கு விடை அளவறிதல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர், இல்லாதவர்க்கு அடக்கத்தையும் உள்ளவர்க்கு ஊக்கத்தையும் போதிக்கும் தவற்றைச் செய்கின்றனர்.

குமரப்பாவின் வாழ்வு இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. தமக்கு எளிய உடையும் எளிய உணவும் போதும் என்றார். ஆனால், உழவர்க்கு அவர்கள் பெற்றது போதும் என்று ஒருபோதும் கூறவில்லை. நாடு விடுதலை பெற்றபின் அமைக்கப்பட்ட காங்கிரசு வேளாண் சீர்திருத்தக் குழுவுக்கு அவரே தலைவர். 1949ஆம் ஆண்டு வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, இடைத்தரகர்களை நீக்கி, உழுபவர்க்கே நிலம் உரியதாதல் வேண்டும் என்று வலியுறுத்தியது. தம் பொருட்டுப் 'போதும்' என்றவர், பிறர் பொருட்டுப் 'போதாது' என்று போராடினார். இவ்விரு சொற்களும் ஒரே நெஞ்சில் முரணின்றி வாழ முடியும் என்பதற்கு அவரே சான்று. இறுதிக்காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்திநிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்த அவர், 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் மறைந்தார்.

இதிலிருந்து ஒரு நெறி புலப்படுகிறது. 'போதும்' என்பது ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ளவேண்டிய சொல். பிறருக்கு அதனைக் கட்டளையாக இடும் உரிமை எவருக்கும் இல்லை.

நிறைவும் முயற்சியும்

மேல்நிலைக் கல்வி பயிலும் மாணவர்க்கு மற்றோர் ஐயமும் எழலாம். மனநிறைவு அடைந்துவிட்டால் முயற்சி குன்றிவிடாதா? 480 மதிப்பெண் பெற்றவர் அதுவே போதும் என்று இருந்துவிட்டால் 500ஐ எவ்வாறு எட்டுவார்?

செயலில் கொள்ளும் நிறைவின்மை வேறு. வாழ்வில் கொள்ளும் நிறைவின்மை வேறு. கைத்தறி நெசவாளர் ஒருவர் தாம் நெய்த சேலையின் கரையில் சிறு பிசிறு கண்டால், அடுத்த சேலையில் அது நேராவண்ணம் கருத்துடன் நெய்கிறார். அவருடைய நிறைவின்மை தறியைப் பற்றியது. தம்மைப் பற்றியது அன்று. 'பிசிறு விழுந்தது, ஆகவே நான் பயனற்றவன்' என்று அவர் கருதினால் அடுத்த சேலைக்கு இழை பூட்டக் கை எழாது. தம் தொழிலில் கொண்ட நிறைவே அவருக்கு மேலும் திருத்தமாக நெய்யும் வலிமையைத் தருகிறது.

மாணவர்க்கும் இது பொருந்தும். மதிப்பெண் ஒரு தேர்வின் அளவேயன்றி ஒரு மனிதரின் அளவு அன்று. ஒரு விடை தவறானால் அதனைத் திருத்துதல் வேண்டும். தன்னையே தவறாகக் கருதுதல் கூடாது. நேற்றைய தன்னைவிட இன்றைய தான் எவ்வளவு வளர்ந்துள்ளோம் என்று ஒப்பிடுபவர்க்கு ஊக்கம் பிறக்கிறது. அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவரோடு மட்டும் ஒப்பிடுபவர்க்குப் பொறாமையோ செருக்கோதான் பிறக்கிறது. ஒரு கணக்கின் தீர்வு விளங்கிய நொடியிலும், ஒரு செய்யுளின் பொருள் புலப்பட்ட நொடியிலும் உண்டாகும் மகிழ்ச்சி, தேர்வு முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. கற்றலின் அவ்வின்பத்தை அன்றன்றே நுகர்பவர் நெடுந்தொலைவு களைப்பின்றிச் செல்வர்.

நாழியும் மரக்காலும் இன்று நம் வீடுகளில் புழக்கத்தில் இல்லாமல் போகலாம். எனினும், அளக்கும் பணி நம்மைவிட்டு நீங்கவில்லை. எவ்வளவு உண்பது, எவ்வளவு வாங்குவது, எவ்வளவு நேரம் திரையில் ஆழ்வது, எவ்வளவு பிறர்க்கு ஈவது என்று நாள்தோறும் அளந்துகொண்டே இருக்கிறோம். அக்கலத்திற்கு விளிம்பு அமைக்கும் பொறுப்பு நம்முடையது. விளிம்புவரை நிறைத்து, அதற்கு மேல் குவிந்ததைப் பிறர் கலத்தில் வழித்துவிடக் கற்றவரே நிறைவாழ்வு வாழ்பவர்.

சொல்லும் பொருளும்

அவா – அடங்காத ஆசை
வெஃகல் – பிறர் பொருளைக் கவர விரும்புதல்
நல்குரவு – வறுமை
ஆள்வினை – முயற்சி
கைம்மாறு – செய்த உதவிக்குத் திரும்பச் செய்யும் உதவி
நாழி, மரக்கால் – முகத்தல் அளவைக் கருவிகள்

கற்பவை கற்றபின்…

1. கடந்த ஒரு திங்களில் நீங்கள் விரும்பிக் கேட்ட பொருள்களைப் பட்டியலிட்டு, அவற்றைத் 'தேவை', 'ஆசை' என்று வகைப்படுத்துக. வகைப்படுத்த இயலாதவை குறித்து வகுப்பில் உரையாடுக.
2. உங்கள் பகுதியில் முற்காலத்தில் வழங்கிய முகத்தல் அளவைப் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுக்க.
3. 'மனநிறைவு முன்னேற்றத்திற்குத் துணையா, தடையா?' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா
1. 'தலைதட்டி அளத்தல்' என்றால் என்ன?
2. வெண்கலப் பதக்கம் வென்றவர்கள் மிகுந்த மகிழ்ச்சியுடன் காணப்பட்டதற்குக் காரணம் யாது?

சிறுவினா
1. அரசனையும் வேட்டுவனையும் அருகருகே நிறுத்தி நக்கீரனார் உணர்த்தும் கருத்தை விளக்குக.
2. 'வாழ்க்கைத்தரம்' குறித்துக் குமரப்பா கூறுவன யாவை?

நெடுவினா
1. 'தம் பொருட்டுப் போதும் என்றவர், பிறர் பொருட்டுப் போதாது என்று போராடினார்' – இக்கூற்றைக் குமரப்பாவின் வாழ்வைக் கொண்டு நிறுவுக.